பல்லுக் காட்டப் போன இடத்தில் தாடை எலும்புப் புற்றுநோய் பிடிபடுமா?

பிடிபடும். என் அக்காவுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

அக்கா முல்லைத்தீவுப் பக்கம், அப்போது வயது 38. கீழ்க் கொடுப்புப் பல்லு ஆடத் தொடங்கி, ஒரு இடத்தில் காட்டினா. இரண்டு தரம் அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள், எக்ஸ்றே எடுக்கவில்லை. மூன்றாம் தரம் பிடுங்க நாள் குறித்தார்கள். இப்ப நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதற்கிடையில் மகனுக்குப் பல்லடைக்க வவுனியாவுக்குப் போன இடத்தில், "என்ர பல்லையும் ஒருக்காப் பாருங்கோ டொக்டர்" என்று கேட்டிருக்கிறா. அந்த டொக்டர் முரசைப் பார்த்தா. வீக்கமில்லை, பல்லில் சொத்தையுமில்லை. பிறகேன் ஆடுது? பஞ்சை நூல்போலத் திரித்துக் கீழ்ச்சொண்டை இரண்டு பக்கமும் தொட்டா. இடப்பக்கம் தெரிந்தது. வலப்பக்கம் தொட்டதே அக்காவுக்குத் தெரியவில்லை.

"அது 2009 இல செல் பட்ட பக்கம் டொக்டர்" என்றா அக்கா. போரில் செல்லடி பட்ட தழும்பு கன்னத்தில், உள்ளே எடுக்காத ஒரு உலோகத் துண்டு. வன்னியில் உடம்பில் எது விறைத்தாலும் எங்கட வாயில் முதலில் வாற காரணம் அதுதான். டொக்டர் விடவில்லை.

"காயம் பட்ட நாளில இருந்தே விறைப்போ, இப்பத்தானோ?"

அக்கா கொஞ்சம் யோசித்தா. "பொங்கலுக்குப் பிறகுதான்."

உடனே எக்ஸ்றே. பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அக்காவுக்கு அது வேரின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அகன்றிருந்தது. எலும்பில் வேறு மாற்றம் தெரியமுதலே இந்த அடையாளம் வரலாமாம். சின்னத் துண்டு வெட்டிச் சோதித்த பயொப்சியில் ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்று வந்தது. அந்த நோய் கூடுதலாக இளம் வயதில் கால் எலும்பில்தான் வரும். அது வந்த ஆக்களில் தாடையில் வருவது நூற்றுக்கு 6, 7 பேருக்குத்தான், அதுவும் 30, 40 வயதில். செல் துண்டு கிடந்ததால் எம்ஆர்ஐ வேண்டாமென்று சீரி ஸ்கான் எடுத்து, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தாடையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்ப ஐந்து வருசம். தேத்தண்ணி குடித்தால் வலப்பக்கம் வழிவது தெரியாது, ஒவ்வொரு மிடறுக்கும் லேஞ்சியால் ஒற்றிக்கொள்ளுவா.

பல்லு ஆடுவதற்குப் பெரும்பாலும் முரசு வருத்தம்தான் காரணம், பயப்படாதையுங்கோ. ஆனால் காரணம் தெரியாமல் ஆடுற பல்லை எக்ஸ்றே எடுக்காமல் பிடுங்க விடாதையுங்கோ. பிடுங்கின குழி ஆறாவிட்டாலோ, தாடை தடித்தாலோ, சொண்டு விறைத்தாலோ திரும்பப் போய்க் காட்டுங்கோ. பழைய செல் காயம் இருக்கிற ஆக்கள், விறைப்பு எந்த மாதம் தொடங்கினது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.