விமானப்படை அகாடமியில் உள்ள போர் நினைவுச் சுவர் என்பது என்ன?

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை அகாடமியில், கொடிமரத்தின் கீழே ஒரு கறுப்புக் கல் சுவர் இருக்கிறது. அங்கே படித்து முடித்து, பின்னர் போரில் உயிர்நீத்தவர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள்.

ஏன் திறந்தவெளியில்? மாணவர்கள் அன்றாடம் கடந்துபோகும் முற்றம் அது. பள்ளிக்கூடத்தில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்ப்பலகையை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுவது போலத்தான். 1965இல் பட்டம் பெற்ற லான்ஸ் சைஜானை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் போரின்போது, 1967 நவம்பரில் லாவோஸில் அவரது விமானம் விழுந்தது. கால் முறிந்தும் 6 வாரங்களுக்கும் மேலாகக் காட்டில் பிடிபடாமல் இருந்தார். பின்னர் பிடிபட்டு, 1968 ஜனவரியில் வடவியட்நாமின் ஹனோய் சிறையில் இறந்தார். எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்! மாணவர் விடுதி ஒன்றுக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சுவரைக் கல்லறை என்று நினைத்துவிட வேண்டாம். அகாடமியின் இடுகாடு அதே வளாகத்தில் தனியாக இருக்கிறது.