ஜீப்பை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் ஐயா,

உறவினரின் கொட்டகையில் பல வருடங்களாக ஓடாமல் நின்ற வில்லிஸ் சி.ஜே.3பி ஜீப் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. தரைத்தகட்டில் அங்கங்கே ஓட்டை. முழுவதையும் கழற்றிவிட்டு, முதலில் பாடிக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துவிட்டால் உற்சாகம் பிறக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டிலேயே வேலை செய்யப் போகிறேன். அப்படித் தொடங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயின்டில் தொடங்காதீர்கள், முழுவதையும் கழற்றவும் வேண்டாம். நான் பார்த்தவரை, வீடுகளில் பாதியில் நின்றுபோன வண்டிகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் கடைசி நட்டு வரை பிரிக்கப்பட்டவைதான். ஒரு பகுதியைக் கழற்றி, சரிசெய்து, மீண்டும் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ். சேறும் ஈரமும் தேங்கும் குறுக்குச் சட்ட இணைப்புகளிலும், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களிலும் துரு உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடத்தில் ஓசை மந்தமாகித் தகடு சற்றே அமுங்கும். அங்கே பட்டி பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது. நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், வெல்டிங்குக்கு முன் அதை இறக்கித் தொலைவில் வைத்துவிடுங்கள். காலி டேங்க்கில் மிஞ்சியிருக்கும் ஆவியே தீப்பற்றப் போதும்.

வண்டியைத் தூக்கும்போது மிகுந்த கவனம் தேவை. இதன் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலுள்ள டிரம்மைப் பிடித்து, பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நிறுத்துகிறது. ஆகவே பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள மற்றது உருளுவதற்கு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இடம் கொடுத்துவிடும், கை பிரேக் போட்டிருந்தாலும்கூட. சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமலும், சேஸிஸுக்கு உறுதியான ஸ்டாண்டு வைக்காமலும் அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, ஆயில் செல்லும் வழியும் ஒன்றே என்பதால், ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நெடுநாள் நின்ற வண்டியில், சக்கரங்களில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர்களின் உட்சுவர் அரித்துக் குழிவிழுந்திருக்கும். குழி தெரிந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், ரப்பரை மட்டும் மாற்றினால் கசிவு நிற்காது. பிரேக்கின் உராய்வுப் பட்டையான பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இவற்றுக்குப் பிறகே இன்ஜின். அதை வேறொரு வண்டியால் இழுத்துச் சுற்ற முயலாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, கிராங்க் கைப்பிடியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊறட்டும். 3பியின் உயர்ந்த பானெட்டுக்குக் காரணமான ‘ஹரிகேன்’ இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வுகள் மேல்பகுதியான ஹெட்டிலும், வெளியேற்றும் வால்வுகள் சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலும் அமைந்திருக்கின்றன. பிளாக்கில் உள்ளவை ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக்கொண்டே கிராங்க்கைச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் மேலே ஏறி, ஸ்பிரிங்கின் விசையால் தானே இறங்கி அமர்கிறதா என்று பாருங்கள். இறங்காத வால்வுக்குத் தண்டில் எண்ணெய் விட்டு இளக்கிய பிறகே மேலும் சுற்றலாம்.

தரைத்தகட்டை மட்டும் கடைசிவரை திறந்தபடியே வைத்திருங்கள், அதற்கு அடியிலுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்த அது வசதியாக இருக்கும். சேஸிஸைத் தட்டிப் பார்த்தபின் பின்புறக் குறுக்குச் சட்டத்தின் நிலையை எழுதுங்கள். அதை வீட்டிலேயே வெல்டிங் செய்யலாமா, சட்டத்தை நேராகப் பிடித்து நிறுத்தும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.