நல்லா இருப்பவருக்கு வலி உண்டாக்கி வலி மருந்தைச் சோதிப்பது எப்படி, அது சரியா?

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கும்போது ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறீர்களா? முதலில் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் விரல் மூட்டெல்லாம் குடைய ஆரம்பிக்கும். வெளியே எடுத்துத் துடைத்தால் வலி அடங்கிவிடும். நீங்கள் கேட்ட சோதனைகளில் பெரிதும் பயன்படுவது இந்த வலிதான்.

தன்னார்வலர் ஐஸ் தண்ணீரில் கையை வைப்பார். வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் தாங்கினார் என்று குறிப்பார்கள். அப்புறம் மருந்தோ, அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரையோ கொடுத்து மறுபடி அளப்பார்கள். எதைக் கொடுத்தார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியாது. தெரிந்தால் நம்பிக்கையே வலியைக் குறைத்துவிடும். சூடான தகடு வைப்பது, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைத் தோலில் பூசுவது என்று வேறு வழிகளும் உண்டு.

நோயாளியிடமே சோதிக்கலாமே என்றால், அவர் வலி ஒரே அளவில் நிற்காது. பயம், தூக்கமின்மை, மற்ற மாத்திரைகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். இங்கே வலியின் அளவு ஆய்வாளர் கையில். ஆனால் ஐஸ் தண்ணீர் வலியில், கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் நன்றாக வேலை செய்வது தெரியும், பாராசிட்டமாலின் பலன் பெரும்பாலும் பிடிபடாது. அதனால் இதில் தோற்ற மருந்தை உடனே ஒதுக்கக்கூடாது. நோயாளிகளிடமும் பார்த்தே ஆகவேண்டும்.

சரியா என்றால், நெறிமுறைக் குழு அனுமதித்து, தன்னார்வலர் எல்லாம் தெரிந்து சம்மதித்திருந்தால் சரிதான். எந்த நொடியும் அவர் கையை எடுத்துவிடலாம். "இன்னும் கொஞ்சம் தாங்குங்க" என்று யாரும் வற்புறுத்தக்கூடாது.