பழைய மாஸி டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லை: டைனமோவைக் கழற்றும் முன்

கேள்வி: எனக்கு வேலை பெங்களூரில். ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அப்பா ஓட்டிய மாஸி பெர்குசன் 35-ஐ இங்கே கொண்டுவந்து சனி, ஞாயிறுகளில் ஓட்டுகிறேன். டைனமோ, ரெகுலேட்டர் பெட்டி இரண்டும் பழைய லூகாஸ். சமீபத்தில் புது பேட்டரி மாட்டினோம். அன்று வண்டியை ரேஸ் பண்ணியதும் ரெகுலேட்டர் பெட்டி படபடவென்று அடித்துப் பொறி பறந்தது. மெக்கானிக் டைனமோ வயர் இரண்டையும் கழற்றிவிட்டு, "டைனமோ போச்சு, ஆல்டர்நேட்டர் போட்டுவிடலாம்" என்கிறார். இன்னொரு விநோதம்: இன்ஜின் ஓடாதபோது ஹெட்லைட் போட்டால் ஆம்ப் மீட்டர் முள் சார்ஜ் பக்கம் போகிறது. டைனமோவைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: நீங்கள் விநோதம் என்று கடைசியில் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது லைட் போட்டால் கரண்ட் பேட்டரியிலிருந்து வெளியேதான் போக முடியும், அப்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்கிறது என்றால் ஆம்ப் மீட்டர் வயரை யாரோ மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரியே தலைகீழாக மாட்டப்பட்டிருக்க வேண்டும். புது பேட்டரி வந்த அன்றே கோளாறு ஆரம்பித்ததால் என் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு டிராக்டர்கள் பலவற்றில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ். இன்றைய கார், லாரி எல்லாம் நெகட்டிவ் எர்த். பேட்டரி மாட்ட வருகிற பையன் கைப்பழக்கத்தில் நெகட்டிவைக் கொண்டுபோய் பாடியில் கொடுத்துவிடுவான். வண்டியும் ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் செல்ஃப் மோட்டார் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். லைட்டும் எரியும். டீசல் இன்ஜின் ஓட கரண்டே தேவையில்லை. அதனால் தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது.

டைனமோவுக்கு மட்டும் தெரியும். அதன் இரும்பில் பழைய திசையிலேயே காந்தம் மிச்சம் இருக்கும், அந்தத் திசையிலேயே கரண்ட் உற்பத்தியாகும். ரேஸ் ஏறியதும் கட்அவுட் (ரெகுலேட்டர் பெட்டிக்குள் டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) மூடும், அதன் காயில் திசை பார்ப்பதில்லை. மூடிய அந்த நொடியில் பேட்டரியும் டைனமோவும் எதிரெதிராக நிற்பதற்குப் பதில் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும், எக்கச்சக்கமான கரண்ட் ஓடும். நீங்கள் பார்த்த பொறி அதுதான். உங்கள் மெக்கானிக் வயரைக் கழற்றியது நல்ல காரியம். கழற்றாமல் விட்டிருந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு வயரிங்கே எரிந்திருக்கலாம்.

முதலில் பேட்டரி கிளாம்ப்புகளைப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனை நெகட்டிவை விடத் தடிமன். பாடியிலிருந்து வரும் எர்த் கிளாம்ப் நெகட்டிவ் முனையில் லொடலொடவென்று உட்கார்ந்து, நடுவே ஈயத் தகடோ ஆணியோ செருகியிருந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது.

அடுத்த சோதனைக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும், எஸ்.பி. ரோட்டில் சாதாரணமானது ஒன்று வாங்கினால் போதும். ஃபேன் பெல்ட் வழுக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைனமோவில் இரண்டு முனைகள் இருக்கும்: பெரியது டி, சின்னது எஃப். வயர்கள் ஏற்கெனவே கழன்றிருப்பதால் வேலை சுலபம். இரண்டு முனைகளையும் ஒரு வெற்றுக் கம்பியால் சேருங்கள். மீட்டரின் கறுப்பு முனையை டைனமோ உடம்பிலும் சிவப்பை அந்தக் கம்பியிலும் வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக ஏற்றுங்கள். வோல்ட் தடுமாறாமல் ஏற வேண்டும். 20-ஐத் தொட விடக்கூடாது. இந்த நிலையில் அதைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் கிடையாது, வெறுமனே ரேஸ் பண்ணினால் வைண்டிங் போய்விடும்.

வோல்ட் நன்றாக ஏறி, மீட்டரில் மைனஸ் குறி வந்தால் உங்கள் டைனமோ உயிரோடுதான் இருக்கிறது, பாசிட்டிவ் எர்த்துக்கே பழகியும் இருக்கிறது. பேட்டரியைத் திருப்பி மாட்டினால் போதும். எதுவுமே வரவில்லை என்றால் பிரஷ் (கம்யூட்டேட்டரில் உரசும் கார்பன் துண்டு) பக்கம் பாருங்கள்: தேய்ந்து குட்டையாகியிருக்கும், அல்லது ஹோல்டரில் சிக்கியிருக்கும். ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றால் ஃபீல்டு காயிலில் (சுற்றாமல் நிற்கும் வைண்டிங்) கோளாறு, நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில் (உள்ளே சுற்றும் வைண்டிங்). கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சர் முனையில் இருக்கும் செப்புப் பட்டை வளையம்) கறுத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள், போகாவிட்டால் நைஸ் கிளாஸ் பேப்பர். எமரி மட்டும் வேண்டாம், அதன் தூள் செப்புப் பட்டைகளுக்கு நடுவே போய் ஷார்ட் ஆக்கும்.

பேட்டரியைத் திருப்பும்போது எர்த் கிளாம்ப்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஒருவேளை சோதனையில் மைனஸ் குறி வராமல் பிளஸ்ஸாகக் காட்டினால், பொறி பறந்த களேபரத்தில் டைனமோ திசை மாறியிருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. பேட்டரியைச் சரியாக மாட்டிய பிறகு, டி-எஃப் இணைப்புக் கம்பியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயர் கொண்டுவந்து எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், பயப்பட வேண்டாம். இதைச் செய்யும்போது ரெகுலேட்டருக்குப் போகும் வயர்கள் டைனமோவில் இருக்கவே கூடாது.

இனி ரெகுலேட்டர் பெட்டி. அன்று பறந்த பொறியில் கட்அவுட் காண்டாக்ட் கருகியிருக்கும். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் மெதுவாகப் பிரியுங்கள். நைஸ் கிளாஸ் பேப்பரை ஒரு துண்டு கிழித்து நடுவே விட்டு இழுத்தால் சுத்தமாகும். ஈ என்று போட்ட முனை பாடியோடு நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மட்கார்டுக்குப் பெயின்ட் அடித்தபோது இந்த எர்த் போய், ஒழுங்காக இருந்த ரெகுலேட்டரை மாற்றிய வண்டிகள் உண்டு. உள்ளே இருக்கும் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். கட்அவுட் 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் மூடினால் அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முள் சார்ஜ் பக்கம் நன்றாகப் போய், பேட்டரி நிறைய நிறைய மெல்ல இறங்க வேண்டும். ஐடிலிங்கில் சார்ஜ் காட்டாவிட்டால் பதறாதீர்கள், டைனமோவின் சுபாவமே அப்படி. ஹேண்ட் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி வைத்து ஓட்டுங்கள்.

ஆல்டர்நேட்டர் விஷயம். இந்த வகை லூகாஸ் டைனமோ 19 முதல் 22 ஆம்பியர் வரை தரும். இரண்டு ஹெட்லைட்டும் பின் விளக்கும் சேர்த்து 10 ஆம்பியரைத் தாண்டாது. வார இறுதியில் உழுகிற வண்டிக்கு இது தாராளம். தண்ணீர் டேங்கர் இழுத்து, தெருத்தெருவாக நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்கிற வண்டியாக இருந்தால் நானே ஆல்டர்நேட்டர் போடச் சொல்வேன். எப்போதாவது போடுவதாக இருந்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இன்று கடையில் கிடைக்கும் ஆல்டர்நேட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாட்டினால் டையோடு அந்த நிமிடமே போய்விடும். அப்போது பேட்டரியை நெகட்டிவ் எர்த்தாக, அதாவது இப்போது தப்பாக மாட்டியிருப்பதுபோலவே வைத்து, ஆம்ப் மீட்டர் வயர் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும்.

சோதனையில் ஆர்மேச்சர் என்று தெரிந்தால் டைனமோவைக் கழற்றி ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் வைண்டிங் கடையில் காட்டுங்கள். ரீவைண்டிங்குக்குக் கையோடு சம்மதித்துவிடாதீர்கள், முதலில் க்ரௌலரில் (ஆர்மேச்சரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரஷ்ஷும் பின் புஷ்ஷும் மாற்றினாலே சரியாகிவிடுகிற டைனமோக்கள் நிறைய. திரும்ப மாட்டும்போது பின்பக்கத் துவாரத்தில் இன்ஜின் ஆயில் இரண்டு சொட்டு விடுங்கள், அதற்கு மேல் விட்டால் பிரஷ்ஷில் இறங்கும்.