மொழியியல் கோடைப்பள்ளி என்றால் என்ன, சில மட்டும் எப்படி மலிவாக நடக்கின்றன?

கோடைப்பள்ளி பட்டம் தரும் படிப்பு இல்லை. இரண்டு வாரம் ஓர் ஊரில் தங்கி, பகலில் மொழியியல் வகுப்புகளில் உட்கார்ந்து, சாயங்காலம் அதே ஆசிரியர்களோடு அரட்டை அடிப்பது, அவ்வளவுதான். மத்திய, கிழக்கு ஐரோப்பாப் பக்கம் கோடையில் ஊர் மாறி ஊர் நடக்கும் 'எக்' (EGG; ஆமாம், முட்டைதான், ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன) நல்ல உதாரணம். 2014-இல் ஹங்கேரியின் டெப்ரெட்சென், 2018-இல் போஸ்னியாவின் பன்யா லூக்கா. 2016-இல் ஜார்ஜியாவில் காக்கசஸ் மலையடிவாரத்திலுள்ள லாகோதெஹி என்ற சின்ன ஊருக்கே போய்விட்டார்கள்.

சரி, எப்படிக் கட்டுப்படியாகிறது? பாடம் எடுப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. அப்புறம், லண்டன், பாரிஸ் என்று போகாமல் இப்படிப்பட்ட ஊர்களாகப் பார்ப்பதால் அறை வாடகையும் சாப்பாடும் மாணவர் கைக்கு எட்டும். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களே காய் நறுக்கிச் சமைத்துவிட்டால் சமையல்காரர் கூலி மிச்சம், மளிகைக் காசு மட்டும்தானே, அதே கணக்கு.

மலிவு என்றதும் கத்துக்குட்டிகளுக்கான வகுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அறிமுக வகுப்பும் உண்டு, முனைவர் பட்ட மாணவர்களே பேனாவைக் கடித்துக்கொண்டு திணறும் வகுப்பும் உண்டு.