அமெரிக்காவில் வேட்டையும் மீன்பிடிப்பும் நன்றாக உள்ள மாநிலத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர நினைக்கிறேன். மோன்டானா சரியாக வருமா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்: நியூஜெர்சியில் மென்பொருள் வேலை, எச்-1பி விசா, வேலைக்குப் போகும் மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மீன்பிடித்துப் பழக்கம் உண்டு, துப்பாக்கியை இன்னும் தொட்டதில்லை. நானும் கிழக்குக் கரையிலிருந்து மின்னசோட்டாவுக்குக் குடும்பத்தோடு வந்தவன்தான். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் ஏரிப் பக்கச் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை மாற்றுவது மீனுக்காக இருக்கட்டும், வேட்டைக்கு விடுப்பு எடுத்துப் போய் வாருங்கள் என்பதே என் கருத்து. மோன்டானாவில் துப்பாக்கியோடு மானும், எல்க் என்ற பெரிய மான் வகையும் வேட்டையாடும் பொது சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரங்களில் முடிந்துவிடும். அந்த ஐந்து வாரங்களில் பெரும்பாலும் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், உங்களுக்கு வேலை இருக்கும். மிஞ்சுவது சில சனி, ஞாயிறுகள். மீன் அப்படியில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடிக்கலாம். குடும்பம் முழுவதும் சேர்ந்துகொள்ளக்கூடிய பொழுதுபோக்கு இது. விடியற்காலைக் குளிரில் பரண் மேல் அசையாமல் உட்கார உங்கள் மனைவியும் ஆசைப்படுகிறார் என்றால் வாழ்த்துகள். பெரும்பாலான வீடுகளில் அந்த ஆசை ஒருவருக்குத்தான் இருக்கும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதுதான். வெளிமாநிலத்தவர் மோன்டானாவில் மான், எல்க் இரண்டுக்கும் சேர்த்து லைசென்ஸ் வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான். அந்த வகை லைசென்ஸின் ஆண்டு வரம்பு 17,000. உள்ளூர்க்காரரோ பொது எல்க் லைசென்ஸைக் குலுக்கல் இல்லாமல் சில பத்து டாலர்களுக்குள் வாங்கிவிடுவார். ஒவ்வொரு ஆண்டும் எல்க் வேட்டைக்குப் போயே தீர வேண்டும் என்றால் மேற்கே குடியேறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நம்மில் பெரும்பாலோருக்கு வேட்டை என்பது தாத்தா சொன்ன கதை. அது நமக்கு ஒத்துவருமா என்று தெரிவதற்கு முன்பே அதற்காக வீட்டை விற்க வேண்டாம். முதலில் நியூஜெர்சியிலேயே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். அந்தச் சான்றிதழைப் பொதுவாக மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும். மின்னசோட்டாவில் 1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் பொதுவாகத் துப்பாக்கி வேட்டை லைசென்ஸ் வாங்க முடியாது. டெக்சாஸ், கொலராடோவிலும் இதே போன்ற பிறந்த தேதிக் கணக்கு உண்டு, தேதிதான் வேறு.

அடுத்தது விசா. இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், ஆனால் உங்கள் நிலையில் இதுதான் முதலில் வர வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும், ஆனால் துப்பாக்கி வீட்டில் இருக்கும். சீசன் முடிந்துவிட்டது என்று புதுப்பிக்காமல் விட்டால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இந்தக் கேள்வி நேரடியாகவே வரும். குடிவரவு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாங்குங்கள். வில், அம்பு இந்தத் தடைக்குள் வராது. புதிதாகத் தொடங்கும் எச்-1பிக்காரர்களுக்கு நான் வில்லைப் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விசாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. ‘வீட்டிலிருந்துதானே வேலை, எங்கிருந்து பார்த்தால் என்ன’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அந்த வீடுதான் வேலையிடம். இப்போதுள்ள நகர்ப்பகுதிக்கு வெளியே அது போனால், நீங்கள் மாறுவதற்கு முன்பே நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கிரீன் கார்டின் முதல் படியாக நிறுவனம் வாங்கும் பெர்ம் என்ற தொழிலாளர் சான்றும் குறிப்பிட்ட வேலைப் பகுதியைச் சேர்ந்தது. இடம் மாறினால் அதை முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். அடுத்த படியான ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதியாவது பொதுவாகத் தங்கும். அந்த ஒப்புதல் வரும் வரை காத்திருப்பது நல்லது. மீன் எங்கும் போய்விடாது.

இனி இடம். ‘மீன் நிறைய, மான் நிறைய’ என்பதை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த மானும் மீனும் இருக்கும் இடத்துக்குள் நீங்கள் கால் வைக்க முடியுமா என்று பாருங்கள். டெக்சாஸில் வெள்ளைவால் மான்கள் ஏராளம், ஆனால் மாநிலத்தின் நிலத்தில் சுமார் 95 விழுக்காடு தனியாருடையது. நிலம் வைத்திருக்கும் நண்பர் இல்லையென்றால் பெரும்பாலும் குத்தகைக்குப் பணம் கட்டித்தான் வேட்டையாட வேண்டும். கடற்கரை மீன்பிடிப்பு அங்கே அருமை, அது வேறு கணக்கு. ஐடஹோவில் நிலத்தின் 60 விழுக்காட்டுக்கும் மேல் கூட்டரசு வசம் இருக்கிறது. காலையில் வண்டியை எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் பெரும்பகுதியில் நடக்கலாம்.

பொதுநிலம் அதிகம் என்ற எண்ணும் சில நேரம் ஏமாற்றும். வயோமிங்கில் ரயில் பாதைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததில், பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போல மாறி மாறிக் கிடக்கின்றன. ஒரு பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுக் கட்டத்தின் மூலைக்குத் தாவினால் தனியார் நிலத்தின் மேல் காற்றில் அத்துமீறியதாகுமா என்று ஒரு வழக்கே நடந்தது. வேட்டைக்காரர்கள் நால்வர் ஏணி வைத்து மூலையைத் தாண்டியிருந்தார்கள். 2025இல் பத்தாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் மோன்டானா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை, அது ஒன்பதாவது மண்டலம். அங்கே இதை நம்பி மூலை தாண்டாதீர்கள்.

ஆற்று மீன் விஷயத்தில் மோன்டானா தங்கம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலம் போன்ற ஒரு பொது வழியாக ஆற்றுக்குள் இறங்கிவிட்டால், இரு கரையும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், வழக்கமாக நீர் எட்டும் விளிம்புக்குள் நடந்து தூண்டில் போடலாம். பக்கத்து வயோமிங்கில் ஆற்றுப் படுகையே தனியாருடையதாக இருக்கலாம். படகில் மிதந்து போகலாம், நங்கூரம் போடக் கூடாது, இறங்கி நிற்கக் கூடாது. கொலராடோவிலும் தனியார் படுகைகளில் இதே தொல்லை. டிரவுட் மீனுக்காக மேற்கே போகிறவர்கள் வீட்டு விலையைப் பார்க்கும் முன் இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மோன்டானாவுக்கே போகலாமே என்பீர்கள். உங்கள் மனைவியின் வேலையை யோசித்தீர்களா? போஸ்மன் போன்ற ஊர்களில் வீட்டு விலை கடந்த சில ஆண்டுகளில் எங்கோ போய்விட்டது, வேலைச் சந்தையோ சிறியது. உங்கள் வேலை போனால் அடுத்த வேலையை எச்-1பி தரும் 60 நாள் அவகாசத்துக்குள் அந்த ஊரிலேயே தேடிப் பிடிப்பது கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு நான் மோன்டானாவைச் சொல்ல மாட்டேன். மலையும் எல்க்கும்தான் வேண்டுமென்றால் ஐடஹோவின் பாய்சி பாருங்கள். மைக்ரான் நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால் பொறியாளர்களுக்கு வாய்ப்பு உண்டு, நம் ஆட்களும் இருக்கிறார்கள். டென்வர் பெரிய வேலைச் சந்தை. நாட்டிலேயே அதிக எல்க் இருக்கும் மாநிலம் கொலராடோதான். ஆனால் நல்ல பகுதிகளில் வேட்டையாடும் அனுமதிச் சீட்டான டேக் கிடைக்க, ஆண்டுக்கணக்கில் விண்ணப்பித்து முன்னுரிமைப் பாயின்ட் சேர்க்க வேண்டும். மிச்சிகன் ஐம்பேரேரிகளில் நான்கைத் தொடும் மாநிலம். சால்மன், ஸ்டீல்ஹெட், வால்ஐ மீன்கள் எல்லாம் உண்டு, டெட்ராய்ட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்களும் நிறைய. அங்கே துப்பாக்கி மான் சீசன் தொடங்கும் நவம்பர் 15 அன்று பல பள்ளிகளுக்கே விடுமுறை விடுவார்கள்.

என் மின்னசோட்டாவுக்கு வருகிறேன். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் 11,842. மினியாபொலிஸ் நகருக்குள்ளேயே தூண்டில் போட ஏரிகள் உண்டு, வேலைக்கும் குறைவில்லை. 16 வயதுக்குட்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மீன்பிடி லைசென்ஸே தேவையில்லை. குளிரைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நான் பனிக்கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். நடந்து போகத் தெளிவான புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள இயற்கை வளத் துறையின் கணக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டி என்றால் இரு மடங்கு. பக்கத்தில் ஒருவர் வண்டியையே ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதற்காக நாம் போய்விடக் கூடாது. போகப் போகத் துளையிட்டு அளந்துகொண்டே நடக்க வேண்டும்.

பிடித்ததை வீட்டில் சமைக்கும் முன் ஒரு விஷயம். ஏரி மீன்களில் பாதரசம் உண்டு, மீன் பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடும். 20 அங்குலத்துக்கு மேற்பட்ட வால்ஐயைக் கர்ப்பிணிகளுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம் என்று மின்னசோட்டா சுகாதாரத் துறை சொல்கிறது. பெரியதைப் படமெடுத்துவிட்டு நீரிலேயே விடுங்கள், சின்னதுதான் ருசியும். மானில் சிடபிள்யூடி என்ற மூளை நோய் இருக்கிறது. 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டு இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. சமைப்பதால் அதன் காரணப் புரதம் அழியாது. நோய் உள்ள பகுதி என்றால் மாதிரியைக் கொடுத்து, முடிவு வந்த பிறகே இறைச்சியைத் தொடுங்கள்.

கடைசியாக, எப்போது மாறுவது என்று கேட்டிருந்தீர்கள். குடியேறிய அன்றே உள்ளூர் லைசென்ஸ் கிடைத்துவிடாது. விஸ்கான்சினில் 30 நாள், மின்னசோட்டாவில் 60 நாள், மோன்டானாவில் தொடர்ந்து 180 நாள், ஐடஹோவிலும் கொலராடோவிலும் ஆறு மாதம், வயோமிங்கிலும் அலாஸ்காவிலும் ஓராண்டு. ஒரு நாள் முன்னதாக உள்ளூர்க்காரர் என்று கையெழுத்துப் போட்டாலும் குற்றம்தான். ஒரு மாநிலத்தில் வேட்டை, மீன்பிடி உரிமை பறிபோனால், விதிமீறல்கள் குறித்து மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள மற்ற மாநிலங்களிலும் பறிபோகலாம். பாய்சி என்று முடிவெடுத்தால் பிப்ரவரிக் கடைசிக்குள் முகவரியை மாற்றிவிடுங்கள், செப்டம்பர் வில் சீசனுக்குள் ஆறு மாதம் நிறைந்துவிடும். மின்னசோட்டா என்றால் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்து ஜூனில் வந்தாலே நவம்பர் மான் சீசனுக்குத் தாராளமாக நேரம் இருக்கும். இரண்டில் எதுவானாலும் முதல் குளிர்காலத்தை வாடகை வீட்டில் கழியுங்கள்.