கரையை விட்டு விலகாத வளைகுடா நீரோட்டம்: கட்டத்தைச் சிறிதாக்கினால் போதுமா?

கேள்வி: கடலின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் எங்கள் மாதிரி, கடற்பரப்பை 1 டிகிரி அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து இயங்குகிறது. அதில் வளைகுடா நீரோட்டம் (Gulf Stream), அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாட்டெரஸ் முனையில் விலகாமல், கரையை ஒட்டியே வடக்கே போய்விடுகிறது. கட்டத்தை அரை டிகிரியாக்கினால் சரியாகுமா? எங்களுக்குக் கிடைக்கும் கணினி நேரம் குறைவு.

பதில்: அரை டிகிரிக்காக அந்த நேரத்தைச் செலவிட வேண்டாம். கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். காலப்படியையும் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) பாதியாக்க வேண்டியிருப்பதால் கணக்கு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். அப்படிச் செய்தாலும் அங்கு ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 50 கிலோமீட்டராகவே இருக்கும். நடு அட்சரேகைகளில் சுழல்களின் இயல்பான நீள அளவோ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால், நீரோட்டத்தோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும் அச்சுழல்கள் உங்கள் மாதிரியில் உருவாகவே மாட்டா. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 0.1 டிகிரி வட அட்லாண்டிக் மாதிரியில்தான் இந்த விலகல் நம்பத்தக்க வகையில் அமைந்தது. இடைப்பட்ட கால் டிகிரி ஒரு சங்கடமான அளவு. சுழல்கள் அரைகுறையாகத் தோன்றும், தோன்றாத சுழல்களின் விளைவுக்கு ஈடாக 1990இல் ஜென்ட்டும் மெக்வில்லியம்ஸும் முன்வைத்த சமன்பாட்டை முழு வலிமையில் சேர்த்தால் தோன்றியவையும் அடங்கிவிடும்.

எனவே உலகம் முழுவதையும் நுணுக்காமல், மேற்கு வட அட்லாண்டிக்கில் மட்டும் பத்தில் ஒரு டிகிரி உட்கட்டம் அமைத்து, இரண்டும் ஒன்றையொன்று பாதிக்குமாறு அதை வெளிக்கட்டத்தோடு இருவழியாக இணைப்பதே உங்கள் வசதிக்கு ஏற்ற வழி. நுண்கட்டம் மட்டுமே விலகலைக் கொண்டுவந்துவிடாது. மாதிரியில் நீரின் உள் உராய்வைக் குறிக்கும் பாகுத்தன்மையைக் கூட்டிக் குறைத்தாலே விலகும் இடம் நகரும். கடலடித் தரவைக் கட்டத்துக்கேற்ப மென்மையாக்கும்போது ஹாட்டெரஸுக்கு வெளியே உள்ள கண்டச்சரிவின் (கண்டத்தின் விளிம்பிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் சரிவு) செங்குத்து குறைந்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுவே. தெற்கே செல்லும் ஆழ்நீரோட்டம் வளைகுடா நீரோட்டத்தைக் கீழாகக் கடப்பதும் அங்குதான். கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணையிலிருந்து வழியும் கனமான குளிர்நீர், மாதிரியில் படிக்கட்டாக அமைந்த கடலடியில் இறங்கும்போது சுற்றுநீருடன் மிகையாகக் கலந்துவிட்டால், அந்த ஆழ்நீரோட்டம் மெலிந்தே வந்துசேரும்.

சரிபார்க்கும்போது 26.5 டிகிரி வடக்கில் 2004 முதல் அளக்கப்படும் கவிழ்சுழற்சியின் (மேலே வடக்கேயும் ஆழத்தில் தெற்கேயும் நீர் செல்லும் சுழற்சி) அளவு, அதாவது நொடிக்குச் சுமார் 170 லட்சம் கனமீட்டர், பொருந்துகிறது என்பதோடு நிறைவடைய வேண்டாம். பாதை தவறிய மாதிரியும் அந்த எண்ணை எட்டக்கூடும். செயற்கைக்கோள் அளந்த கடல்மட்டத்தின் பல்லாண்டுச் சராசரியிலிருந்து நீரோட்டத்தின் நடுக்கோட்டை வரைந்து, மாதிரியின் கோட்டை அதன்மேல் வையுங்கள். கோடு பொருந்தியும் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடற்பரப்பு மிகக் குளிர்ந்திருந்தால், கடலில் தானாக மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை அளந்த வெப்பநிலையோடும் உப்புத்தன்மையோடும் ஒப்பிட்டு, உட்கட்டத்தின் வடக்கு எல்லையில் நுழையும் நீரிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.